தாமரை இலையை ஊதிப் பாருங்கள்

மறைக்கல்வி வகுப்பில் படைப்பைப் பற்றிப் பேசும்போது, "நமக்கு ஒட்சிசன் தரவே இறைவன் மரங்களைப் படைத்தார்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பிள்ளைகளும் தலையாட்டுகிறார்கள். ஆனால் மரமும் சுவாசிக்கிறது. இரவு பகல் பாராமல் ஒட்சிசனை எடுத்துக் காபனீரொட்சைட்டை விடுகிறது. பகலில், வெளிச்சத்தைக் கொண்டு காபனீரொட்சைட்டிலிருந்தும் நீரிலிருந்தும் உணவாக்கி ஒட்சிசனை விடும் ஒளித்தொகுப்பு அதைவிட வேகமாக நடப்பதால், மிஞ்சும் ஒட்சிசன் நமக்குக் கிடைக்கிறது.

வன்னியில் இதை விளக்க ஆய்வுகூடம் வேண்டாம், குளம் போதும். தாமரை இலையொன்றை நீண்ட தண்டோடு வெட்டிக் கழுவுங்கள். இலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்துக்கொண்டு, தண்டின் வெட்டுவாயில் ஒரு பிள்ளையை ஊதச் சொல்லுங்கள். இலையின் நடுவே, மேற்புறத்தில், குமிழிகள் பொங்கும். தண்டினுள் ஓடும் காற்றுக் குழாய்கள் அங்குள்ள இலைவாய்கள் என்னும் நுண்துளைகளில் போய்த் திறக்கின்றன. தரையில் வளரும் மரங்களுக்கு இந்த வாய்கள் பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில் இருக்கும்; தாமரைக்கு மேற்புறத்தில்.

ஒவ்வோர் இலைவாயையும் இரண்டு காவற்கலங்கள் காக்கின்றன. அவை நீரேறிப் பருத்தால் வாய் திறக்கும், தளர்ந்தால் மூடும். இலைக்கு இதில் பெரிய சங்கடம் உண்டு. காற்றில் காபனீரொட்சைட்டு 10,000 பங்கில் ஏறக்குறைய 4 பங்குதான். அதைப் பிடிக்க வாயைத் திறந்தால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகிவிடும். வேர் உறிஞ்சும் நீரில் 100க்கு 95 பங்குக்கு மேல் இப்படித்தான் போகிறது. ஆகவே சோளகம் வீசும் ஆடி மாத உச்சிவெயிலில் பல மரங்கள் வாயை மூடிக்கொண்டு பசி கிடக்கின்றன.

ஒளித்தொகுப்பைக் கண்டறிந்தவர்களில் இருவர் போதகர்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். மெழுகுதிரி எரிந்து அணைந்த காற்றைப் புதினாச் செடி திருத்துவதை 1771இல் கண்டவர் ஜோசப் பிரீஸ்ட்லி. செடிக்குக் காபனீரொட்சைட்டு வேண்டும் எனக் காட்டியவர் ஜெனீவாவின் செனெபியே. இடையில், 1779இல், வெளிச்சம் இல்லாமல் ஒட்சிசன் வராது என்று காட்டிய இங்கன்ஹவுஸ் ஒரு வைத்தியர்.

தொடக்கநூலில் மரம் மூன்றாம் நாள், சூரியன் நான்காம் நாள். அப்படியானால் ஒளித்தொகுப்பு எப்படி நடந்தது என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். முதல் நாளே ஒளி வந்துவிட்டதே என்று சமாளிக்க வேண்டாம். படைத்தவரைப் பற்றிய நூலில் இலையின் வேலைக்கு விளக்கம் தேடுவது நம் பிழை.

இரவில் மரத்தடியில் படுத்தால் மூச்சடைக்கும் என்ற பயத்தையும் இதோடு தீர்த்துவிடலாம். மடு மாதா கோயிலின் ஆவணித் திருவிழாவுக்குப் போகிறவர்கள் மரங்களின் கீழ்தானே கூடாரமடித்துத் தூங்குகிறார்கள்? மரம் விடும் காபனீரொட்சைட்டு வெளிக்காற்றில் கலந்துவிடும். கூடாரத்துக்குள் தேங்குவது, நெருக்கியடித்துப் படுத்திருக்கும் சொந்தக்காரர்கள் விட்டதுதான்.