குயில்ட்டும் துன்னலும்

போன டிசம்பரில் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் நட்சத்திர விளக்கு கட்டியாயிற்று. திண்ணையில் குடில் பாதி எழும்பியிருந்தது. எடுத்து வைத்த வைக்கோல் மழையில் நனைந்துவிட்டதே என்று சித்தப்பா வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். கொண்டுபோன பொட்டலத்தைப் பிரித்துச் சித்தியிடம் கொடுத்தேன். ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம். சிவப்புப் பருத்தித் துணி, நடுவில் வெள்ளையாக ஒரு வால்நட்சத்திரம், அதைச் சுற்றிச் சிவப்பு நூலில் நெளிநெளியாகத் தையல். தொட்டால் மெத்தென்று இருக்கும். நானே தைத்தது.

சித்தி அதை வாங்கியதும் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். தையல் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது பின்பக்கத்தைத்தான்.

“நல்லா இருக்கு பாப்பா. இதுக்குப் பேரு என்ன?”

“குயில்ட் சித்தி.”

“தமிழ்ல?”

எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. போர்வை மாதிரி, மெத்தை மாதிரி என்று இழுத்தேன். அப்புறம் பல நாள் இந்தச் சொல்லின் பின்னாலேயே அலைந்தேன். அதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குயில்ட் என்றால் போர்வை என்றுதான் பலரும் நினைக்கிறோம். போர்த்திக்கொள்வது அதன் பயன்களில் ஒன்று, அவ்வளவே. மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி, நடுவில் பஞ்சோ கம்பளியோ ஒரு அடுக்கு. இந்த மூன்றையும் ஊடுருவிக்கொண்டு, பரப்பு முழுக்கத் தையல் ஓடியிருந்தால் அது குயில்ட். ஓரத்தை மட்டும் தைத்து மூடினால் அது தலையணையோடு சேர்த்தி, நாலு தடவை துவைத்தால் பஞ்சு ஒரு மூலைக்குப் போய்விடும். துண்டுத் துணிகளை இணைத்து மேல்துணி செய்வது வழக்கம் என்பதால் ஒட்டுவேலையையே குயில்ட் என்று சொல்லிவிடுகிறார்கள். ஒட்டே போடாமல் ஒரே துணியிலும் குயில்ட் தைக்கலாம். தையல் இல்லாமல் மட்டும் தைக்க முடியாது.

சொல்லின் வேர் லத்தீன். அங்கே ‘குல்கிதா’ என்றால் மெத்தை, திண்டு. பழைய பிரெஞ்சில் அது ‘குயில்த்’ என்று தேய்ந்து, சுமார் 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தது. லத்தீனில் ‘குல்கிதா புங்க்தா’ என்று ஒரு தொடரும் உண்டு. குத்தித் தைத்த மெத்தை என்று பொருள். ஆங்கிலத்தில் கட்டில் விரிப்பைச் சொல்லும் ‘கவுன்டர்பேன்’ அந்தத் தொடர் உருமாறி வந்ததுதான். ஆக இந்தச் சொல் படுக்கையில் பிறந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழில் ‘குயிற்றுதல்’ என்றால் மணிகளைப் பதித்தல். ஒலி பக்கத்தில் இருப்பதால் குயில்ட் அதிலிருந்து போனது என்று சொல்ல நாக்கு துடிக்கும். வேண்டாம். ஒலி ஒத்துப்போவது உறவு ஆகாது. தமிழுக்குச் சொந்தமானதே நிறைய இருக்கும்போது இல்லாத உறவைக் கொண்டாடத் தேவையில்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? நம் வீடுகளில் புழங்கும் சொற்களிலிருந்தே தொடங்கினேன். ‘ரஜாய்’ வடக்கிலிருந்து வந்த சொல், கனத்த பஞ்சுப் போர்வைக்கு மட்டும் பொருந்தும். ‘துப்பட்டி’யும் அந்தப் பக்கத்துச் சொல்தான், இரண்டு பாகம் சேர்ந்தது என்பது அதன் வேர்ப்பொருள். இன்று அதற்கும் கனமான போர்வை என்றே அர்த்தம். ‘மெத்தை’ நல்ல சொல், மெத்தென்று இருப்பது மெத்தை. ஆனால் டெல்டா ஊர்களில் மெத்தை வீடு என்றால் மாடி வீடு. சுவரில் மாட்டுகிற ஒரு சாண் துணியைக் காட்டி மெத்தை என்றால் யாருக்கும் புரியாது.

‘கந்தை’தான் என்னைக் கொஞ்சம் நிறுத்தியது. வடமொழியில் ‘கந்தா’ என்றால் ஒட்டுப்போட்டுத் தைத்த துணி. அதே சொல் வங்காளத்துக்குப் போய், பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுச் செய்கிற ‘காந்தா’வாகப் பெயர் வாங்கிவிட்டது. நம்மிடம் வந்து கிழிசலோடு நின்றுவிட்டது. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பதோடு அதன் கதை முடிந்தது. அன்பாகத் தைத்த ஒரு பொருளுக்கு அந்தப் பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம்தான் ‘துன்னல்’ கிடைத்தது. கிடைத்த இடமும் நம் காவிரிக்கரைதான்.

கரிகாற் சோழனைப் பாடும் சங்கப் பாட்டான பொருநராற்றுப்படையில் ஒரு பொருநன், அதாவது பாடிப் பரிசு பெறும் கலைஞன், தன் பழைய உடையைப் பற்றிச் சொல்கிறான். ஈரும் பேனும் குடியிருந்த, வியர்வையில் நனைந்த உடை. அதை ‘வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்’ என்கிறான். சிதார் என்றால் கந்தல். துணியின் சொந்த நூலுக்கு நடுவே வேறு நூல் நுழைந்து நுழைந்து தைத்திருக்கும் கந்தல். அதைக் களையச் செய்துவிட்டு, பாம்பு உரித்த தோல் மாதிரி மெல்லிய ஆடையை மன்னன் கொடுக்கிறான். அந்தப் புது ஆடையின் அழகைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கந்தல்தான் கண்ணில் நிற்கிறது. ‘வேற்றிழை நுழைந்த’ என்ற இரண்டு சொல்லில் தையல் என்றால் என்ன என்பது முழுசாக வந்துவிட்டது.

அதே பாட்டில் யாழின் தோல் உறையைச் சொல்லும்போது ‘பொல்லம் பொத்திய பொதியுறு போர்வை’ என்று வரும். பொல்லம் பொத்துதல் என்பது இரண்டு தலைப்புகளைக் கூட்டித் தைப்பது. துண்டுத் துணிகளை இணைக்கும் ஒட்டுவேலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

காவிரி கடலில் சேரும் புகாரின் தெருக்களைச் சிலப்பதிகாரம் வரிசைப்படுத்தும்போது ‘துன்ன காரரும் தோலின் துன்னரும்’ என்கிறது. துணி தைப்பவர் துன்னகாரர், தோல் தைப்பவர் தோலின் துன்னர். அடுத்த அடி இன்னும் அருமை: ‘கிழியினும் கிடையினும் தொழில்பல பெருக்கி’. கிழி என்றால் துணி, கிடை என்றால் நெட்டி, அதாவது நீரில் வளரும் ஒரு செடியின் வெள்ளைத் தண்டு. துணியிலும் நெட்டியிலும் பல வேலைப்பாடு செய்கிறவர்கள் அந்தத் தெருவில் இருந்தார்கள். நெட்டி வேலை இன்றும் தஞ்சாவூரின் பெயரோடுதான் இருக்கிறது.

தைத்தல், துன்னுதல் இரண்டும் ஒரே வேலைதானே, ஏன் பழைய சொல்லைத் தேட வேண்டும் என்று கேட்கலாம். வேறுபாடு இருக்கிறது. முள் தைத்தது என்கிறோம், அம்பு தைத்தது என்கிறோம். ‘தை’ என்பதில் ஊசி குத்துவது தெரிகிறது. ‘துன்னு’ என்றால் நெருங்கு, பொருந்து. அதில் துணியோடு துணி நெருங்குவது தெரிகிறது. வடமொழியிலும் தையல்காரருக்குத் துன்னவாயர் என்ற பெயர் உண்டு, ஒலி அந்தப் பக்கமும் புழங்கியிருக்கிறது. ஆனால் நெருங்குதல் என்ற பொருளும் தைத்தல் என்ற பொருளும் ஒரே சொல்லில் கூடி நிற்பதுதான் எனக்கு முக்கியம். மூன்று அடுக்குகளை நெருங்க வைத்து ஒன்றாக்குவதுதான் குயில்ட். எனவே அதைத் துன்னல் என்பேன். தைப்பதைத் துன்னுவது என்பேன்.

கிறிஸ்மஸுக்கும் இதற்கும் வருவோம். குளிர்நாடுகளில் டிசம்பருக்குப் படுக்கையில் கனத்த குயில்ட் வேண்டும். அந்த மிச்சத் துணியிலிருந்து சுவருக்கு ஒன்று, மேசைக்கு ஒன்று என்று சின்னச் சின்னதாகத் தைப்பது அவர்கள் வழக்கம். நமக்கு மார்கழியில் ஒரு நூல் போர்வை போதும். பெரிய குயில்ட் தைத்தால் பெட்டியில்தான் கிடக்கும். ஒரு சாண், இரண்டு சாண் அளவில் துன்னல் தைத்து மாட்டுவது நம் வீட்டுக்கு நன்றாகப் பொருந்துகிறது. தவிர, விழாவுக்குத் துணியைத் தைத்துத் தொங்கவிடுவது டெல்டாவுக்குப் புதிதே இல்லை. தேர்த்திருவிழாவில் தேரைச் சுற்றி நீள உருளையாகத் தொங்குமே, சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் பச்சையும் துண்டு துண்டாகச் சேர்த்துத் தைத்தது, அதுதான் தொம்பை. திருவாரூர்த் தேரில் அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நெல் கொட்டி வைக்கும் குதிருக்கும் தொம்பை என்றே பெயர். உருவம் ஒன்றாக இருந்ததால் பெயரும் ஒன்றாக அமைந்தது. ஏசுபாலன் பிறந்த மாட்டுத் தொழுவத்துக்கு நாம் வைத்த பெயரும் அப்படித்தானே? குடில் என்றோம். கூரை வேய்ந்த சின்ன வீடு, பார்த்த மாத்திரத்தில் புரிந்தது, நிலைத்துவிட்டது. கடற்கரையில் தரங்கம்பாடியில் 1706இல் வந்து இறங்கிய ஜெர்மன் போதகர் சீகன்பால்கு, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் இந்த மண்ணில் அவர் தேடி அலைந்திருப்பார்.

இனி ‘ஃப்ரீ மோஷன்’. நான் தைத்தது அந்த முறையில்தான். இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றிச் ‘சுதந்திர இயக்கத் தையல்’ என்று எழுதினால் ஏதோ கட்சிப் பெயர் போல ஆகிவிடும். செய்வது என்ன என்று பார்த்தால் பெயர் தானாக வரும்.

சாதாரணமாகத் தைக்கும்போது ஊசிக்குக் கீழே இருக்கும் பல், துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளும். அதனால் தையல் நேராகவும் ஒரே அளவாகவும் விழும். இந்த முறையில் பல்லை இறக்கிவிட வேண்டும். இறக்க வசதியில்லாத மிஷினில் பல்லின் மேல் ஒரு தகட்டை மாட்டுவார்கள். துணியை அழுத்தும் பாதத்தைக் கழற்றிவிட்டு, ஊசியோடு எழும்பி இறங்கும் சின்னப் பாதத்தை மாட்ட வேண்டும். இப்போது துணியை மிஷின் தள்ளாது. இரண்டு கையாலும் நாம்தான் நகர்த்த வேண்டும். முன்னால், பின்னால், பக்கவாட்டில், வட்டமாக, எப்படியும் போகலாம். கை வேகமாகப் போனால் தையல் நீளும், மெதுவாகப் போனால் குறுகும்.

இதை விளக்கியபோது சித்தி சிரித்தார். “இதுக்கா இவ்வளவு பேச்சு? ரிங் போட்டு நான் எம்பிராய்டரி போடலையா?”

உண்மைதான். கால்மிதி மிஷினில் பாதத்தைக் கழற்றிவிட்டு, மர வளையத்தில் துணியை இறுக்கிப் பூவும் கொடியும் போட்டு முப்பது வருஷம் சம்பாதித்தவர் அவர். நம் தையற்கடைகளில் ‘மிஷின் எம்பிராய்டரி’ என்று எழுதியிருப்பதும் இதே கைவேலைதான். வளையமும் பஞ்சும்தான் வித்தியாசம்.

ஒரு துண்டில் தைத்துக் காட்டு என்றார். இரண்டு பருத்தித் துணிக்கு நடுவே பழைய டர்க்கி டவலை வைத்து, குண்டூசி குத்தி, அவர் மிஷினில் உட்கார்ந்தேன். மேலே அழகாக வந்தது. திருப்பினால் அடியில் நூல் கொத்துக்கொத்தாகச் சுருண்டு கிடந்தது. அடிநூல் சுற்றிய பாபினைக் குறை சொல்லப் போனேன். சித்தி மிஷினின் பின்புறம் கை நீட்டி, பாதத்தை ஏற்றி இறக்கும் நெம்புகோலைக் கீழே இறக்கினார்.

“பாதமே இல்லன்னாலும் இத இறக்கணும். தூக்கியே இருந்தா மேல்நூலுக்கு இறுக்கம் கெடைக்காது, அடியில போயி கொட்டும். கால் ஒரே சீரா மிதிக்கட்டும். கைய மட்டும் ஓட்டு. வாசல்ல இழுக்கிறியே சிக்குக் கோலம், அந்த மாதிரி.”

கையை ஓட்டு! பெயர் அங்கேயே கிடைத்துவிட்டது. கையோட்டத் தையல். கையெழுத்து மாதிரி, ஆளுக்கு ஆள் மாறும் ஓட்டம். என் நட்சத்திரத்தைச் சுற்றி இருந்த நெளிவில் கோடு எங்கேயும் தன்னைத் தானே வெட்டாது, புள்ளியைச் சுற்றாமல் சும்மா வளைந்து போகும். சிக்குக் கோலத்தில் கோடு தன்னையே குறுக்கிட்டுப் பின்னிக்கொள்ளும். அதைக் கையோட்டத்தில் போட்டால் எப்படி இருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றவில்லை. சித்தி ஏழு புள்ளி வைத்துச் சாக்பீஸால் ஒரு கோலம் வரைந்து கொடுத்தார். வெள்ளைத் துணியில் மெரூன் நூலில் நூலை அறுக்காமல் ஒரே ஓட்டமாகப் போட்டேன். முதல் வளைவில் தையல் நீண்டது, மூன்றாவதில் கூடி நின்றது, கடைசி இரண்டும் கோலமாகவே விழுந்தன.

ஆகவே கையோட்டத்தில் துன்னியது கையோட்டத் துன்னல். சுவருக்குத் தைத்தால் துன்னல் தொங்கல். துண்டு இணைத்த மேல்துணிக்குப் பொல்லம். நடுவில் வைக்கும் பஞ்சுக்கு ‘உள்ளடுக்கு’ போதும், அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

சித்தி அந்தக் கோலத் துண்டைக் குடிலின் பின்சுவரில் ஊசி குத்தி மாட்டினார். நட்சத்திரம் மேலே, கோலம் கீழே. பக்கத்து வீட்டு அம்மா கஞ்சிப் பாத்திரத்தோடு வந்து நின்று, “இது என்ன மெத்தை மாதிரி இருக்கு?” என்றார்.

“துன்னல்,” என்றார் சித்தி. “மூணு ராஜா திருநாளுக்குக் குடில் பிரிக்கிறப்ப மடிக்காம சுருட்டி வைக்கணும். மடிச்சா மடிப்புல பஞ்சு செத்துப்போயிடும்.”