ஜீப்பை உயர்த்த முன்னர் ஒருதரம் கீழே படுத்துப் பாருங்கள்

போன ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒரு தம்பி தன்னுடைய பழைய டீசல் ஜீப்பைக் கராஜுக்குக் கொண்டுவந்தார். கனடாவில் இருந்து அண்ணன் குடும்பம் வருகிறது, எல்லோருமாகச் சுண்டிக்குளம் பக்கம் ஒரு இரவு, பிறகு பூநகரி, மன்னார் றோட்டால் போய் வில்பத்துப் பக்கம் இரண்டு இரவு தங்கப் போகிறோம் என்றார். பத்து நாளுக்குள் ஜீப்பை இரண்டு அங்குலம் உயர்த்தி, கூரையில் றாக் அடித்து, அதன்மேல் கூடாரம் பூட்டி, முன்னுக்கு எல்இடி லைட்டும் போட்டுத் தர வேண்டும். காசும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

நான் முதலில் ஜீப்பைத் தூக்கி அடியைப் பார்த்தேன். பின் அக்சிலுக்கு மேலே சேசி, அதாவது முழு வண்டியையும் தாங்குகிற அடிச்சட்டம், வளைகிற இடத்தில் ஸ்குரூட்ரைவரை வைத்து அழுத்தினேன். நனைந்த பிஸ்கட்டுக்குள் போவது போல உள்ளே போய்விட்டது. பின் பிறேக்குக்குப் போகிற இரும்புக் குழாய் செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தது. அந்த ஜீப்பில்தான் அவர் ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளைகளைக் கசூரினாக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், அலை தொட்டுப்போகிற ஈர மணலில் ஓடித் திரிந்திருக்கிறார். "மேலுக்கு ஒரு கீறல்கூட இல்லையே அண்ணை" என்றார். மேலுக்கு இல்லை என்பது உண்மைதான்.

உயர்த்துகிற வேலையை இப்போது செய்ய மாட்டேன் என்று சொன்னேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. அன்றைக்கு அவரோடு கதைத்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இப்போது இதே ஆசையோடு மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது வருகிறார்கள்.

எங்கள் ஊரில் காட்டுக்கும் கடற்கரைக்கும் போகிற ஜீப்புகளில் பெரும்பகுதி இருபது, முப்பது வயதானவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான், அதுவும் கடும் வரியோடு. ஆகவே கையில் இருக்கிற மொன்டெரோவையோ லாண்ட் குரூசரையோ டிஃபெண்டரையோதான் காப்பாற்றி ஓட வேண்டும். நான் வேலை பழகியது 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில். பெற்றோல் இல்லாமல் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம், ஸ்டார்ட் எடுக்க மட்டும் காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விடுவோம். ஒரு பிறேக் றப்பருக்குக்கூட அலைந்த காலம் அது. இருப்பதைப் பழுதாக விடாமல் வைத்திருக்கிற பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்தது.

யாழ் குடாநாட்டில் எங்கே நின்றாலும் கடல் தூரத்தில் இல்லை. உப்புக் காற்று ஒருபுறம், களப்பு ஓரத்து உப்புச் சேறு மறுபுறம். துரு முதலில் பிடிப்பது கண்ணுக்குத் தெரிகிற தகட்டில் என்று நினைக்க வேண்டாம். சேசி பெட்டி போல உள்ளே வெறுமையாக இருக்கும். மணல் அதற்குள் புகுந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்பிறிங் பூட்டுகிற இடம், டீசல் தாங்கியின் காப்புத் தகட்டு இடுக்கு, பிறேக் குழாயைப் பிடித்திருக்கிற கிளிப், இவைதான் முதலில் போகும். சின்னச் சுத்தியலால் சேசியை நெடுகத் தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும், உளுத்த இடம் மந்தமாகக் கேட்கும். இதற்கு மெக்கானிக் தேவையில்லை.

கடற்கரைக்குப் போய்வந்தால் அன்றே அடியைக் கழுவ வேண்டும். எந்தத் தண்ணீரால் என்பதும் முக்கியம். தீவுப் பகுதியிலும் கரையோரத்திலும் பல கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரால் கழுவினால் உப்பை உப்பால் கழுவின மாதிரித்தான். நன்னீர்க் கிணற்றடிக்கு வந்து, குழாயைச் சேசியின் துளைகளுக்குள் விட்டு, வெளியே வருகிற தண்ணீர் தெளியும் வரை அடியுங்கள். கழிவு ஒயிலை அடியில் பூசுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அது றப்பர் புஷ்களைத் தின்னும், சொட்டி நிலத்துக்குள் இறங்கும். சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்து மக்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாங்கள்.

தண்ணீர்ப் பேச்சு வந்ததால் ரேடியேற்றரையும் சொல்லிவிடுகிறேன். வலிகாமத்தின் நல்ல கிணற்று நீர்கூடச் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். ஊருக்குள் ஓடும்போது தெரியாது. மணலில் சின்னக் கியரில், ஏசியும் போட்டு, ஏழு பேரோடு அரை மணித்தியாலம் ஓடும்போதுதான் ஊசி மேலே ஏறும். கூலன்றும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாக விடுங்கள். கிணற்றுத் தண்ணீர் அவசரத்துக்கு மட்டும், வீடு வந்ததும் வடித்து மாற்ற வேண்டும்.

இனி உயர்த்துகிற கதைக்கு வருவோம். அந்தத் தம்பியை இருத்தி ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். பெரியவர்கள் நாலு பேர் 280 கிலோ. பிள்ளைகள் இருவர் 70. கூரைக் கூடாரம் 60. குடிக்கச் சமைக்கத் தண்ணீர் 40 லீற்றர் என்றால் 40 கிலோ. அடுப்பு, ஐஸ் பெட்டி, பாய், சாப்பாடு 60. அவர் பிறகு போட நினைத்திருந்த இரும்பு பம்பரும் வின்ஞ்சும் (புதைந்தால் வண்டியை இழுத்தெடுக்கிற கயிற்றுச் சுருள்) 90. எல்லாம் சேர்த்து 600. இந்த அளவு ஜீப்புகள் பெரும்பாலும் ஆட்களையும் சேர்த்து 500 முதல் 700 கிலோ வரைதான் சுமக்க அமைந்தவை. ஆட்களும் அந்தக் கணக்குக்குள் வருவார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கூரைக்குத் தனி எல்லை இருக்கிறது. சுஸுகி ஜிம்னியின் கூரைக்கு வெறும் 30 கிலோதான். கூடாரம் விற்கிறவர் அதைச் சொல்லமாட்டார், கைநூலைப் பாருங்கள்.

இரண்டு அங்குலம் உயர்த்தி, கூரையில் 60 கிலோ ஏற்றினால் வாகனத்தின் பாரம் மேலே போகிறது. வன்னிக்குள் ஏ9 றோட்டில் இரவில் மாடுகள் படுத்திருக்கும். லைட் வெளிச்சத்தில் மாட்டைக் கண்டு ஸ்டியறிங்கை வெட்டும்போது, முன்னர் ஆடி நின்றிருக்கக்கூடிய ஜீப் இப்போது சரிந்துவிடும். அதோடு, உயர்த்தினால் பிறேக் ஹோஸ் இழுபடும், முன் சில்லுகளைச் சுழற்றுகிற அச்சின் சிவி மூட்டுகள் கூடிய கோணத்தில் சுழன்று றப்பர் உறை கிழியும், முன் லைட் எதிரே வருகிறவரின் கண்ணுக்கு நேரே அடிக்கும். இவ்வளவையும் சேர்த்துச் செய்கிற ஆளிடம் மட்டும் அந்த வேலையைக் கொடுங்கள். காப்புறுதிக்காரரிடமும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வையுங்கள். உண்மையைச் சொன்னால், குடும்பத்தோடு சுண்டிக்குளத்துக்கும் வடமராட்சியின் மணற்காட்டுக்கும் போகிறவருக்கு உயர்த்தல் தேவையே இல்லை. சோர்ந்துபோன ஸ்பிறிங்கையும் ஷொக்கையும் கொம்பனி அளவில் புதிதாகப் போட்டாலே ஒரு அங்குலம் திரும்பக் கிடைக்கும்.

காசை முதலில் போட வேண்டிய இடம் ரயர். ரயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ரயரின் மேல் வெட்டுப் பூ நிறைய இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய ரயரில் குடும்பத்தை ஏற்றாதீர்கள். எங்கள் வெயிலுக்கு நான் ஆறு, ஏழு வருடத்திலேயே மாற்றச் சொல்வேன். ஸ்பெயர் ரயரையும் பாருங்கள், பலரிடம் அது ஜீப்போடு வந்த அதே ரயர். அடுத்தது ரைமிங் பெல்ட், எஞ்சினின் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கிற பட்டி. மொன்டெரோவின் 4டி56, லாண்ட் குரூசரின் 1எச்இசட், 1கேஇசட் எஞ்சின்களில் இருப்பது பெல்ட். ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு ஒருதரம் மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். எப்போது மாற்றினது என்று தெரியாத வாகனம் என்றால் இன்றே மாற்றுங்கள். அதே கையோடு டீசல் பில்டரின் அடியில் தேங்குகிற தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.

மணலில் ஓடுவதற்கு எந்த மேலதிக உதிரிப்பாகத்தையும் விடப் பெரிய உதவி காற்றைக் குறைப்பது. தார் றோட்டில் 32 பிஎஸ்ஐ வைக்கிற ரயரை மணலுக்குள் இறங்க முன் 16, 18 வரை இறக்குங்கள். ரயர் நீளவாக்கில் படுத்து, மணலை வெட்டாமல் மேலே மிதந்து போகும். புதைந்த பிறகு இறக்குகிறவர்கள்தான் கூட. பழைய ஜீப்புகள் பலவற்றில் முன் சில்லின் நடுவில் இருக்கிற ஹப்பைக் கையால் 'லொக்' பக்கம் திருப்ப வேண்டும். அதைத் திருப்பாமல் போர் வீல் (நாலு சில்லையும் இழுக்க வைக்கிற) லீவரை மட்டும் இழுத்துவிட்டு, முன் சில்லு சுற்றவில்லை என்று எனக்கு மணற்காட்டில் இருந்து போன் எடுத்தவர்கள் உண்டு. புதைகிறது என்று தெரிந்தால் அக்சிலேற்றரை மிதிக்காதீர்கள், சில்லு கிடங்கு தோண்டிக்கொண்டு இறங்கிவிடும். நிறுத்தி, வந்த தடத்திலேயே பின்னுக்கு எடுங்கள். தார் றோட்டுக்கு ஏற முன் காற்றைத் திரும்ப அடிக்க வேண்டும். காற்றில்லாத ரயர் வேகத்தில் சூடாகி வெடிக்கும். ஆகவே காற்று அளக்கிற கருவியும் சின்னக் கொம்பிரசரும் இல்லாமல் மணலுக்குப் போக வேண்டாம். போர் வீலையும் தார் றோட்டில் கழற்றிவிடுங்கள். இந்தப் பழைய வகைகள் பலவற்றில் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று முறுகிக் கியர் உடைந்துவிடும்.

எனக்கு ஆகப் பயம் தருவது இழுவை. வடமராட்சி கிழக்கில் புதைந்து நின்றால், படகு இழுக்கிற டிராக்டரோடு யாராவது தொழிலாளிகள் வந்து உதவுவார்கள், நல்ல மனிசர். ஆனால் கயிற்றை எங்கே கொளுவுவது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். டிரெயிலர் பூட்டுகிற குண்டில் ஒருபோதும் கொளுவாதீர்கள். அது சுமையை இழுத்துக்கொண்டு போகச் செய்தது, திடீர் உதறலைத் தாங்கச் செய்ததில்லை. உடைந்தால் பீரங்கிக் குண்டாகப் பறக்கும், உலகத்தின் பல இடங்களில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். சேசியோடு நல்ல போல்ட் போட்டுப் பூட்டிய கொளுக்கி முன்னுக்கும் பின்னுக்கும் இருக்க வேண்டும். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஒரு நனைந்த சாக்கையோ கனமான துணியையோ போடுங்கள், அறுந்தால் கயிற்றைக் கீழே இழுத்துவிடும். பிள்ளைகள் கயிற்றின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி நிற்கட்டும். வீடியோ எடுக்கிற மாமாவும்தான்.

மாரியில் தண்ணீருக்குள் இறங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஓடி வந்த டிபரன்ஷியல், அதாவது அச்சின் நடுவில் இருக்கிற கியர்ப் பெட்டி, சூடாக இருக்கும். குளிர்ந்த வெள்ளத்துக்குள் இறங்கியதும் உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, மூச்சுக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். அந்தக் குழாயை நீட்டி எஞ்சின் அறைக்குள் மேலே கட்டிவிடுவது மிக மலிவான வேலை, எஞ்சினுக்கு உயரத்தில் இருந்து காற்றெடுக்கிற ஸ்நோர்க்கல் குழாய்க்கு முன் அதைச் செய்யுங்கள். போய்வந்து ஒயிலைப் பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

வயர் வேலை பற்றி ஒன்றே ஒன்று: லைட்டோ ஐஸ் பெட்டியோ, பற்றரியில் இருந்து எடுக்கிற ஒவ்வொரு வயருக்கும் பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் போடுங்கள்.

இரவில் புழுக்கம் தாங்காமல் எஞ்சினை ஓடவிட்டு ஏசிக்குள் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள். பழைய ஜீப்பின் சைலன்சரில் ஒரு சின்ன ஓட்டை போதும், மணமில்லாத கார்பன் மொனொக்சைட் உள்ளே வந்து நித்திரையிலேயே ஆளை முடித்துவிடும். கூடாரத்துக்குள் அடுப்பும் அதே கதைதான்.

எங்கள் பகுதிக்கு மட்டும் உரிய இன்னொன்று இருக்கிறது. முகமாலைப் பக்கத்தில் போர் முடிந்த பிறகும் வருடக்கணக்காகக் கண்ணிவெடி அகற்ற வேண்டியிருந்தது. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள். பலகை இல்லாத இடமெல்லாம் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம், வெள்ளம் வெடிபொருட்களை இடம் மாற்றும். ஊராட்கள் தினமும் ஓடுகிற தடத்தை விட்டு இறங்காதீர்கள், பற்றைக்குள் சுள்ளி பொறுக்கப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். ஏதாவது இரும்பைக் கண்டால் தொடாமல் பொலிஸின் 119க்கு அறிவியுங்கள். சுண்டிக்குளம் 2015இல் இருந்து தேசியப் பூங்கா. எல்லைக்குள் தங்குவதென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள். போன் சிக்னல் எந்த இடத்தில் விட்டுப்போகிறது என்று போகும்போதே பார்த்து வையுங்கள்.

அந்தத் தம்பியின் ஜீப்பில் உளுத்த சேசிப் பகுதியை வெட்டி எடுத்து, அதே தடிப்புத் தகட்டை வைத்து வெல்ட் பண்ணி ஒட்டினோம். துருவுக்கு மேலே தகடு ஒட்டுகிற வேலையை நான் செய்வதில்லை. வெட்டி ஒட்டின வேலை ஆறு நாள் எடுத்தது. மிச்ச நாலு நாளில் பிறேக் குழாய் முழுக்கப் புதிது, ரயர் ஐந்து, ரேடியேற்றர் கழுவல். கூரைக் கூடாரத்துக்குப் பதிலாக நிலத்தில் அடிக்கிற கூடாரம் இரண்டு வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்த மறுநாள் விடியவே கராஜ் வாசலில் நின்றார், அடி கழுவ. சேசிக்குள் குழாயை விட்டபோது வெள்ளை மணல் ஒரு வாளி அளவுக்குக் கொட்டியது. பக்கத்தில் நின்ற மகள் காற்று அளக்கிற கருவியோடு நாலு சில்லையும் சுற்றி வந்து இலக்கத்தைச் சொன்னாள்: முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. மாரி தொடங்க முன்னர் கியர் ஒயில் மாற்ற வரச் சொல்லியிருக்கிறேன்.