கேட்டுக்கு வெளியே நடக்க முடியுமா? பெங்களூரில் ஓய்வுக்கால வீடு தேடுகிறவர்களுக்கு

மூட்டு வலி என்று பிசியோதெரபிக்கு வருகிற பெரியவர்களிடம் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி, "வீட்டில் பால் வாங்கப் போவது யார்?" என்பதுதான். பெங்களூர்ப் புறநகரில் சர்ஜாபுரா ரோடு, கனகபுரா ரோடு, தேவனஹள்ளிப் பக்கம், மதிலும் கேட்டும் போட்ட குடியிருப்புகளில் புது வில்லா வாங்கிக் குடியேறியவர்கள் சொல்லும் பதில் அநேகமாக ஒன்றே: "ஆப்பில் வந்துவிடும்." மருந்து? அதுவும் ஆப். கோயில்? ஞாயிற்றுக்கிழமை பையன் காரில் கூட்டிப் போவான். ஊரில் இருந்தவரை ஒரு நாளைக்கு நாலு தடவை தெருவில் இறங்கி ஏறியவர்கள் இவர்கள். இங்கே வந்து இரண்டு வருடத்தில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிவதில்லை. இந்த மாதமும் அதே கதை. எத்தனை பேருக்குத்தான் வீடு வாங்கிய பிறகு இதைச் சொல்வது?

இவர்கள் எல்லோரும் சொல்கிற ஒரு வாக்கியம் உண்டு: "உள்ளேயே வாக்கிங் டிராக் இருக்கிறதே." தயவுசெய்து இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். டிராக்கில் நடப்பது உடற்பயிற்சி. அது நல்லது, வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நடக்கத் தகுந்த இடத்தில் குடியிருப்பது வேறு விஷயம். டிராக்கில் நடக்க ஒவ்வொரு நாளும் மனதைத் தயார்படுத்த வேண்டும். தூறல் போட்டால் போக மாட்டோம், மனசு சரியில்லை என்றால் போக மாட்டோம், துணைக்கு வருகிறவர் ஊருக்குப் போனால் போக மாட்டோம். கொத்தமல்லி வாங்க, செருப்புத் தைக்க, பேப்பர் வாங்க, சாயந்திரம் சந்நிதியில் நிற்க என்று வெளியே போவதற்கு மனதைத் தயார்படுத்தத் தேவையில்லை. வேலை இருக்கிறது, போகிறோம், அவ்வளவுதான். ஒரு நாளில் மூன்று, நாலு தடவை அப்படிச் சேரும் நடையை காலை ஆறு மணி ரவுண்டு ஒன்று ஈடுகட்டாது.

இன்னொன்று. டிராக் சமதளம். அங்கே படி இல்லை, மேடு பள்ளம் இல்லை, கையில் பை இல்லை, திடீரென்று திரும்ப வேண்டியதில்லை. வயதானவர்கள் விழுவது நேராக நடக்கும்போது மட்டுமல்ல; திரும்பும்போது, இறங்கும்போது, பையைக் கை மாற்றும்போதும்தான். டிராக் அதற்கெல்லாம் கால்களைப் பழக்காது. உலக சுகாதார நிறுவனம் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிட மிதமான நடையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வாரம் மூன்று நாள் சமநிலைக்கான பயிற்சியும் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் தனியாகச் சொல்கிறது. சமநிலை என்ற அந்தப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

"நான் இன்னும் கார் ஓட்டுகிறேனே" என்பவர்களுக்கு: 55 வயதைத் தாண்டியவர்களுக்கு லைசென்ஸ் ஐந்தைந்து வருடத்துக்குத்தான் புதுப்பிக்கப்படுகிறது, மருத்துவச் சான்றிதழோடு. புரை வளர்ந்த கண்ணுக்கு எதிர் வண்டியின் ஹெட்லைட் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். ஸ்டீயரிங்கை விட்டுக்கொடுக்கும் நாள் வரும். அந்த நாளில் இருக்கப்போகிற கால்களை மனதில் வைத்து வீட்டைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் உங்கள் நடையை அளந்து கொள்ளுங்கள். ஹாலில் 6 மீட்டர் தூரத்தைக் குறித்து, வழக்கமான வேகத்தில் நடங்கள். 6 நொடிக்கு மேல் ஆனால் தசை வலு குறையத் தொடங்கியிருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். சிக்னலில் நடப்பவர்களுக்கான நேரத்தை வழக்கமாக நொடிக்கு 1.2 மீட்டர் என்ற கணக்கில்தான் வைக்கிறார்கள். 14 மீட்டர் அகல ரோட்டைக் கடக்க அந்தக் கணக்குப்படி 12 நொடி போதும். நொடிக்கு 0.7 மீட்டர் நடப்பவருக்கு 20 நொடி வேண்டும். மீதி 8 நொடி அவர் நடு ரோட்டில் நிற்கிறார்.

இப்போது வீடு பார்க்கப் போகும்போது. புரோக்கர் காரில் கூட்டிப் போவார், போங்கள். ஆனால் முடிவு செய்வதற்கு முன் தனியாக ஒரு தடவை போக வேண்டும். கையில் ஒரு ட்ராலி சூட்கேஸ், பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் 15 செ.மீ. ஸ்கேல், மூன்று கிலோ காய்கறிப் பை. வீட்டுக் கதவிலிருந்து (கேட்டிலிருந்து அல்ல, பெரிய லேஅவுட்களில் கேட்டுக்குப் போவதே அரை கிலோமீட்டர்) பக்கத்து மெடிக்கல் ஷாப் வரைக்கும் சூட்கேஸை உருட்டிக்கொண்டு போங்கள். சக்கரம் எங்கே சிக்குகிறதோ அங்கே வாக்கரும் சிக்கும். எத்தனை இடத்தில் நடைபாதையை விட்டு ரோட்டில் இறங்கினீர்கள் என்று எண்ணுங்கள். டிரான்ஸ்ஃபார்மர், மரத்தின் வேர், நிறுத்தி வைத்த பைக், வீட்டுக்காரர்கள் கார் ஏற்றப் போட்ட சரிவு, சாக்கடை மேல் ஆடும் கற்பலகை எல்லாம் கணக்கில் சேரும். சாலை அமைப்புக்குத் தரவிதிகள் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி குடியிருப்புப் பகுதி நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், உயரம் 15 செ.மீ.க்கு மிகாமல் இருக்க வேண்டும். ஸ்கேலை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். அதைவிட உயரமான படியில், மாற்று மூட்டு வைத்த முழங்கால் தினமும் ஏறி இறங்கச் சிரமப்படலாம். அப்போது ஆள் ரோட்டிலேயே நடக்கத் தொடங்கிவிடுவார். கற்பலகைகளுக்கு இடையே கட்டைவிரல் அகலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் கைத்தடி நுனி உள்ளே போகும்.

இதே வழியில் மூன்று தடவை நடக்க வேண்டும்: காலை ஏழு மணிக்கு, இருட்டிய பிறகு, மழை பெய்த மறுநாள். இரவில் போனால் தெருவிளக்கும் நாய்க் கூட்டமும் தெரியும். நாய் கடிப்பது மட்டுமல்ல, நாய்க்குப் பயந்து பின்னால் நகர்ந்து விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் ஆபத்துதான்.

வழியில் உட்கார இடம் இருக்கிறதா? கீழ்முதுகில் நரம்புப் பாதை குறுகியவர்களுக்குக் கால் மரத்து வலிக்கும்போது நின்றால் போதாது, உட்கார்ந்தால்தான் அடங்கும். திண்ணை, பேருந்து நிறுத்த பெஞ்சு, தெரிந்த கடையின் ஸ்டூல், எதுவானாலும் சரி, 200 மீட்டருக்கு ஒன்று வேண்டும். கழிப்பறையும் அப்படியே. புராஸ்டேட் தொந்தரவு உள்ள ஆண்களும், அடக்க முடியாமல் போகிற பெண்களும் வெளியே வராததற்கு முதல் காரணம் முழங்கால் அல்ல, இதுதான். வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அது வேலை செய்யும் நேரம் கழிந்த பிறகு கிளம்பலாம். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

"மெட்ரோ ஒன்றரை கிலோமீட்டர்தான்" என்று விளம்பரத்தில் இருக்கும். எந்தப் பக்கத்தில் ஒன்றரை? ரிங் ரோட்டின் எதிர்ப்பக்கம் என்றால் மேம்பாலப் படி ஏற வேண்டும். வண்டி போக 5.5 மீட்டர் உயரம் விட்டுக் கட்டிய நடைமேம்பாலத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 40 படி. லிஃப்ட் இருந்தால் ஓடுகிறதா என்று வேறு வேறு நாளில் போய்ப் பாருங்கள். ஸ்டேஷன் லிஃப்ட் எந்த வாசலில் இருக்கிறது என்பதையும்.

அப்படியென்றால் எங்கே பார்ப்பது? மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸைச் சுற்றி, ஜெயநகர் நாலாவது பிளாக், பசவனகுடி காந்தி பஜார், அல்சூர். அல்சூரில் சோமேஸ்வரர் கோயில், மார்க்கெட், ஏரிக்கரைப் பக்கம் தமிழ்ச் சங்கம், பர்ப்பிள் லைன் மெட்ரோ எல்லாம் ஒரே வட்டத்துக்குள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். மல்லேஸ்வரத்தில் ஏற்ற இறக்கம் உண்டு. முழங்கால் தேய்ந்தவருக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் வலிக்கும். பழைய அபார்ட்மெண்ட்களில் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி, நல்ல தெருவின் பலனை முழுதாகத் தின்றுவிடும். விலையும் அதிகம். அதனால் மூன்று பெட்ரூமை மறந்துவிட்டு இரண்டைப் பாருங்கள். வருடத்தில் பத்து நாள் வருகிற பேரனுக்காக முந்நூற்றைம்பது நாள் நீங்கள் அடைந்து கிடக்க வேண்டாம்.

வாங்கும் முன் அங்கே பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருங்கள், ஒரு மழைக்காலம் உள்ளடங்கும்படி. ஊர் வீட்டை அதுவரை விற்காதீர்கள். பெண்கள் ஆதாரில் கர்நாடக முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். கர்நாடக அரசின் சக்தி திட்டத்தில் பெண்களுக்குச் சாதாரண பிஎம்டிசி (பெங்களூர் மாநகர) பஸ்ஸில் கட்டணம் இல்லை, முகவரிச் சான்று கேட்பார்கள்.

அமெரிக்காவிலிருந்து அப்பா அம்மாவுக்கு வில்லா புக் செய்யும் பிள்ளைகளே, கிளப் ஹவுஸ் போட்டோவைப் பார்த்து முன்பணம் கட்டாதீர்கள். அம்மா தனியாக, யாரையும் கேட்காமல், நடந்து போய்த் திரும்பக்கூடிய இடங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். ஐந்துக்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள். அப்பா போன பிறகு அந்த வீட்டில் இருக்கப்போவது அநேகமாக அம்மாதான்.

ஏற்கெனவே வில்லா வாங்கிவிட்டவர்கள் குடியிருப்போர் சங்கத்தில் பேசி உள்ளேயே ஒரு சின்னக் கடைக்கு இடம் கேளுங்கள், 100 மீட்டருக்கு ஒரு பெஞ்சு போடச் சொல்லுங்கள். கைப்பிடி இருக்கிற படியில் தினம் இரண்டு வேளை, ஒருவர் பக்கத்தில் நிற்க, பத்துப் படி ஏறி இறங்குங்கள். முடிந்தால் அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நகருக்குள் வந்துவிடுங்கள். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்த பிறகு வீடு மாற்றுவது மிகவும் சிரமம். இப்போதே, சாமானை நீங்களே கட்ட முடிகிறபோதே வாருங்கள்.