நாலு மணி மழைக்குப் பிறகு நாயின் மூக்கைப் பாருங்கள்

மார்ச், ஏப்ரலில் மலையகத்தில் காலை வெயில் முதுகைச் சுடும். பின்னேரம் மூன்று, நாலு மணிக்கு இடியோடு மழை கொட்டும். சில நாள் இருட்டிக்கொண்டு வந்தும் ஏய்த்துவிடும். இந்த மாதங்களில் தோட்டத்து லயங்களில் நாய்களுக்கு வரும் வருத்தங்களில் பல வீட்டிலேயே தடுக்கக்கூடியவை.

அதிகம் கவனிக்காமல் விடப்படுவது மூக்கு அட்டை. தேயிலை மலையில் காலைப் பிடிக்கும் அட்டை வேறு, இது தண்ணீரில் வாழ்வது. வெயிலில் ஓடை வற்றிக் குட்டையாகத் தேங்கும்போது தாகத்தில் நாய் அங்கேதான் வாய் வைக்கும். உள்ளே போகும்போது நூல் போல இருக்கும் அட்டை, வாரக்கணக்கில் இரத்தம் குடித்துப் பருக்கும். ஒரு பக்க மூக்கில் மட்டும் விட்டு விட்டு இரத்தம், ஓயாத தும்மல், முன்னங்காலால் மூக்கைத் தேய்ப்பது: இந்த மூன்றும் சேர்ந்தால் அட்டையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

உப்புத் தண்ணீரோ சுண்ணாம்போ புகையிலைச் சாறோ மூக்கில் விடாதீர்கள். உள்சவ்வு வெந்துபோகும். நிழலில் கட்டி மூன்று, நாலு மணித்தியாலம் தண்ணீர் கொடுக்காமல் வையுங்கள். பிறகு அகலமான பாத்திரத்தில் குளிர்ந்த, தெளிந்த தண்ணீரை மூக்கருகே பிடியுங்கள். ஈரத்தை உணர்ந்து அட்டை வெளியே நீளும். கறுப்பாக ஒரு நுனி எட்டிப் பார்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும், அவசரப்படாதீர்கள். நன்றாக நீண்ட பிறகு காய்ந்த துணி சுற்றிய விரலாலோ கிடுக்கியாலோ இறுக்கிப் பிடித்து, சட்டென்று இழுக்காமல், அது பிடியை விடும்வரை அப்படியே வைத்திருங்கள். வெறும் விரல் வழுக்கும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்து பாதி உள்ளே தங்கும். இரண்டு முறை முயன்றும் வராவிட்டால் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மயக்க மருந்து கொடுத்து எடுப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல், குரல் மாறி, குணமும் மாறியிருக்கும் நாயின் வாய்ப்பக்கம் கையைக் கொண்டுபோகவே கூடாது. அது விசராக இருக்கலாம்.

காலில், காதில், கண்ணிமையில் பிடிக்கும் சாதாரண அட்டையை நகத்தால் அதன் வாய்ப்பக்கம் தோலோடு சறுக்கித் தள்ளினாலே போதும். இரத்தம் உறையாமல் கசியும். சுத்தமான துணியால் பத்து நிமிடம் அழுத்துங்கள்.

அடுத்தது உண்ணி. உண்ணிக்காய்ச்சலைக் கொடுக்கும் பெபீசியா கிருமி நாயின் இரத்தத்தில் இறங்க, உண்ணி பெரும்பாலும் இரண்டு நாளாவது ஒட்டியிருக்க வேண்டும். அதனால்தான் தினமும் தடவிப் பார்ப்பது இவ்வளவு பலன் தருகிறது. மழையில் நனைந்து வந்த நாயைப் பழைய துணியால் துடைக்கும்போதே விரல் நுனியால் காது மடல், கழுத்துப்பட்டிக்கு அடி, அக்குள், விரலிடுக்கு, வால் அடி எல்லாம் தேடுங்கள். மிளகளவு தட்டுப்பட்டால் தோலை ஒட்டிக் கிடுக்கியால் பிடித்து நேராக மேலே இழுங்கள். மண்ணெண்ணெய் பூசுவது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. தோல் வெந்துவிடும், நக்கினால் விஷம். ஈறு வெளுத்து, மூத்திரம் தேயிலைச் சாயம் போலப் போனால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்பது இந்த நோயில் உயிரை எடுத்துவிடும்.

மழை விட்டதும் கான்களில் ஓடும் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அதன் மூத்திரம் வழியாக உங்களுக்கும் வரும். வருடாந்தத் தடுப்பூசியில் இதையும் சேர்த்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். நாயை வெளியே விடுமுன் வீட்டிலேயே வயிறு நிறையத் தண்ணீர் வையுங்கள். காலையும் மாலையும் மாற்றுங்கள். வயிறு நிறைந்த நாய் குட்டையைத் தேடிப் போவது குறையும்.

நனைந்த பூனை சுருண்டு கிடக்கிறது என்று பனடோல் கொடுக்காதீர்கள். அதை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. அரை வில்லையே கொன்றுவிடும். துடைத்து, அடுப்படியின் சூட்டில் காய்ந்த சாக்கில் படுக்க விடுங்கள். அந்தச் சாக்கை வாரம் ஒருமுறை கொதிதண்ணீரில் அலசி, வெயில் அடிக்கும் காலை நேரத்திலேயே காயப்போட்டுவிடுங்கள்.