அசிடேட் தட்டு: தமிழில் எப்படிச் சொல்வது?

பழைய ஜாஸ் ஒலிப்பதிவு ஏதேனும் மீண்டும் கிடைத்ததாகச் செய்தி வந்தால், கூடவே 'அசிடேட்' என்ற சொல்லும் வந்துவிடுகிறது. தமிழில் எழுதுகிறவர்களில் சிலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். சிலர் 'இசைத்தட்டு' என்று மாற்றிவிடுகிறார்கள். மாற்றுவதுதான் பெரிய பிழை. இரண்டும் வேறு வேறு பொருள்கள்: இசைத்தட்டு அச்சில் பல பிரதிகளாக அழுத்தி எடுப்பது, அசிடேட் ஒலிக்கும்போதே நேராக வெட்டிப் பதிந்த ஒற்றைத் தட்டு. அது புரியாவிட்டால், கிடைத்ததை ஏன் புதையலாகக் கொண்டாடுகிறார்கள் என்பதும் புரியாது.

கவுண்ட் பேஸியின் பதிவுகளையே எடுத்துக்கொள்வோம். ஸ்விங் என்ற ஜாஸ் பாணி கோலோச்சிய காலத்தின் பெரிய இசைக்குழுத் தலைவர், பியானோக் கலைஞர். பத்து சுரம் வாசிக்க வேண்டிய இடத்தில் இரண்டை வைத்துவிட்டு, மற்றதைத் தாளக்காரர்களிடம் ஒப்படைத்துவிடும் கை அவருடையது. வில்லியம் சேவரி என்ற ஒலிப்பதிவுப் பொறியாளர் 1930களின் பிற்பாதியில் நியூயார்க்கில் இருந்தபடி வானொலியில் வந்த ஜாஸ் நிகழ்ச்சிகளை இத்தகைய தட்டுகளில் பதிவு செய்து வைத்திருந்தார். 2004இல் அவர் இறந்தார். 2010இல் ஹார்லெமில் உள்ள தேசிய ஜாஸ் அருங்காட்சியகம் அவருடைய மகனிடமிருந்து அந்தச் சேகரிப்பை வாங்கியது. ஏறத்தாழ 975 தட்டுகள், 100 மணி நேரத்துக்கும் மேற்பட்ட இசை. 1938 மே மாதம் நியூயார்க்கின் ராண்டால்ஸ் தீவில் நடந்த ஸ்விங் விழாவில் பேஸி குழு வாசித்ததும் அதில் இருந்தது. கடையில் விற்ற 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு 3 நிமிடம்தான் கொள்ளும். சேவரி 12, 16 அங்குலத் தட்டுகளையும் பயன்படுத்தியதால், பேஸி குழுவின் லெஸ்டர் யங் வாசித்த சாக்ஸபோன் அவசரமில்லாமல் நீண்டு செல்வதை இன்று கேட்க முடிகிறது.

இனி சொல்லுக்கு வருவோம். 'அசிடேட்' என்பதன் வேர் லத்தீனில் காடியைக் குறிக்கும் 'அசீட்டம்'. காடியில் உள்ள அமிலத்தின் உப்புக்கு அசிடேட் என்று பெயர். ஆனால் 1930களின் நடுவில் பரவிய இந்தத் தட்டுகளில் அசிடேட் இல்லை. அலுமினியத் தகட்டின் மேல் பூசியிருப்பது செல்லுலோஸ் நைட்ரேட் சேர்ந்த கருநிறப் பூச்சு. பெயர் தவறாக ஒட்டிக்கொண்டு அப்படியே நிலைத்துவிட்டது.

தொழில் அறிந்தவர்கள் இதை 'லேக்கர்' தட்டு என்பார்கள். அந்தச் சொல்லின் பயணம் நமக்கு நெருக்கமானது. வடமொழி 'லாக்ஷா', பாரசீக 'லாக்', போர்த்துகீசிய 'லாக்ரே' என்று நடந்து ஆங்கிலத்துக்குப் போனது. நம் 'அரக்கு' என்ற சொல்லையும் அகராதிகள் அந்தக் குடும்பத்தில்தான் வைக்கின்றன. அரக்கு மாளிகையின் அரக்கு, உறைக்கு முத்திரை வைக்கும் அரக்கு. அப்படியானால் 'அரக்குத் தட்டு' என்றே சொல்லிவிடலாமா? எனக்கும் முதலில் அந்த ஆசை வந்தது. ஆனால் அது பொருந்தாது. கடைகளில் விற்ற, நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் தட்டுகள்தான் உண்மையில் அரக்குத் தட்டுகள். அவற்றின் மூலப்பொருளான ஷெல்லாக், அரக்குப் பூச்சியிலிருந்து பெறுவது. பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனது. அந்தப் பெயரை அவற்றுக்கே விட்டுவிட வேண்டும்.

ஆகவே எதனால் ஆனது என்பதை விட்டு, எப்படி உருவாகிறது என்பதிலிருந்து பெயர் வைப்பதே சரி. கடைத்தட்டு அச்சில் அழுத்தி எடுப்பது. ஒரே அச்சில் நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். இதுவோ இசை ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கூரிய முனை ஒன்று சுழலும் தட்டில் பள்ளம் வெட்டிக்கொண்டே போவது. வெட்டிய இடத்திலிருந்து தலைமுடி போலச் சுருண்டு எழும் கரிய இழையைத் தூரிகையால் தட்டின் நடுப்பக்கமாக ஒதுக்கிக்கொண்டே இருப்பார்கள். அது எளிதில் தீப்பற்றும். வெட்டி முடித்ததும் கேட்கலாம். ஆனால் இருப்பது ஒரே ஒரு பிரதி.

வெட்டி உருவாக்கிய ஒற்றைப் பிரதிக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு முன்மாதிரி இருக்கிறது: கல்வெட்டு. அதைப் பின்பற்றி 'ஒலிவெட்டுத் தட்டு' என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. அச்சில் எடுத்தது 'இசைத்தட்டு', வெட்டியது 'ஒலிவெட்டுத் தட்டு'. இந்தத் தட்டில் பேச்சும் விளம்பரமும்கூட இருக்கலாம் என்பதால் 'இசை' என்பதைவிட 'ஒலி' பொருத்தம். 'நேரடிப் பதிவுத் தட்டு' என்றால் மேடை நிகழ்ச்சியின் பதிவு என்று மயக்கம் வரும்.

ஒரே ஒரு வேறுபாடு: கல் நிலைக்கும், இது நிலைக்காது. பூச்சுக்கு நெகிழ்வு தரச் சேர்த்த ஆமணக்கெண்ணெய் காலப்போக்கில் சிதைந்து, மேலே வெண்மையான மெழுகுப்பொடியாகப் படிகிறது. எண்ணெய் போனதும் பூச்சு சுருங்குகிறது. அடியில் உள்ள அலுமினியம் சுருங்குவதில்லை. அதனால் பூச்சு வெடித்துச் செதில் செதிலாக உரிகிறது. உரிந்த செதிலோடு அதில் வெட்டிய இசையும் போய்விடுகிறது. வேறு பிரதி கிடையாது. சேவரியின் தட்டுகளிலும் சில அப்படிப் போயின.