டிரம், பீப்பாய், கொள்கலன்

டிரம் என்றால் முதலில் முரசு. எண்ணெயும் ரசாயனமும் அடைக்கும் எஃகு டிரம் அந்த முரசின் வடிவத்தால் பெயர் பெற்றது. தமிழில் இதற்குப் பீப்பாய் என்பதே பொருந்தும். மது அடைக்கும் மரக்கலத்தைக் குறித்த ‘பீப்பா’ என்ற போர்ச்சுகீசியச் சொல்லே நம்மிடம் பீப்பாய் ஆனது. தனித்தமிழ் வேண்டுவோர் உருள்கலன் எனலாம். கச்சா எண்ணெய் விலைச் செய்தியில் வரும் பீப்பாய் 159 லிட்டர் கொண்ட அளவு; எஃகு டிரம்மோ 208 லிட்டர். இரண்டையும் குழப்பினால் கணக்கே தப்பும்.

கொள்கலன் என்பது பொதுச்சொல். அணுப்பொருள் பற்றி எழுதும்போது அது போதாது. கலத்தின் வடிவத்தையும் சொல்லியாக வேண்டும்.

1940இல் பெல்ஜியச் சுரங்க நிறுவனத்தின் எட்கர் செஞ்சியே, காங்கோவின் ஷின்கோலோப்வே சுரங்கத்திலிருந்து சுமார் 1,200 டன் யுரேனியத் தாதுவை நியூயார்க்குக்கு அனுப்பினார். ஏறத்தாழ 2,000 எஃகு பீப்பாய்களில் அது ஸ்டேட்டன் தீவில் கிடந்தது. 1942 செப்டம்பரில், அணுகுண்டு செய்யும் அமெரிக்காவின் மன்ஹாட்டன் திட்டத்துக்குக் கைமாறியது. ஒரு பீப்பாய்க்கு அரை டன்னுக்கு மேல் எடை. ஆனாலும் ஒரு அணுவின் பிளவு அடுத்த அணுவைப் பிளக்கும் ஆபத்தான தொடர்வினை எழ வழியில்லை: இயற்கை யுரேனியத்தில் பிளவுறும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம்.

யுரேனியம்-235இன் பங்கைக் கூட்டிய, அதாவது செறிவூட்டிய யுரேனியக் கரைசலின் கதை வேறு. குறுகலான நீண்ட குழாயில் கொள்ளளவை நோக்க மேற்பரப்பு அதிகம். பிளவில் வெளிப்பட்டு அடுத்த அணுவைப் பிளக்கும் நியூட்ரான்கள் வெளியே தப்பிவிடும், வினை தொடராது. அதே கரைசல் அகன்ற பீப்பாயில் உயர்ந்தால் நியூட்ரான்கள் உள்ளேயே சிக்கும். நீரிலுள்ள ஹைட்ரஜன் அவற்றின் வேகத்தைக் குறைத்துப் பிளவை எளிதாக்கும்.

இரண்டாம் உலகப் போருக்காகவே அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் கட்டிய ஒய்-12 யுரேனிய ஆலையில் 1958 ஜூன் 16 அன்று நடந்தது இதுதான். கசிவுச் சோதனைக்காகக் குழாய்க் கலன்களிலிருந்து தண்ணீரை 55 காலன் (208 லிட்டர்) பீப்பாயில் வடித்தார்கள். உள்ளே தேங்கியிருந்த கரைசல் தண்ணீருக்கு முன்னால் இறங்கியது. 56 லிட்டர் அளவில், ஏறத்தாழ 2.1 கிலோ யுரேனியம்-235 சேர்ந்தபோது தொடர்வினை தொடங்கியது. எட்டுப் பேர் கதிர்வீச்சுக்கு உள்ளானார்கள். பின்னால் வந்த தண்ணீர் கரைசலை மேலும் மேலும் நீர்க்கச் செய்ததால் வினை தானே அடங்கியது.

இதனால் அந்தக் குறுகிய கலன்களைப் ‘பாதுகாப்பு வடிவக் கலன்’ என்றே எழுத வேண்டும். ‘சிறிய கொள்கலன்’ என்று எழுதினால், அளவைக் குறைத்தாலே போதும் என்று வாசகர் எண்ணிவிடுவார்.