சதுரம் ஏன் சுருளாமல் படுக்கிறது?

வீட்டில் பிள்ளைப்பேறு நெருங்கினால் குரோஷா ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிடும் சித்தியோ பெரியம்மாவோ இராமநாதபுரம் கடற்கரைப் பக்கமும் உண்டு. அவர்கள் கையில் உருவாவது பெரும்பாலும் கிரானி ஸ்கொயர். நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக வளரும் சின்னச் சதுரங்களைப் பின்னி, ஒன்றோடொன்று இணைத்தால் குழந்தைப் போர்வை. ஒரு சின்ன வளையத்தில் தொடங்கிச் சுற்றிக்கொண்டே போகிற நூல், எப்படி நான்கு மூலையோடு தட்டையாகப் படுக்கிறது?

செய்முறை சுலபம். முதல் சுற்றில் டிரெபிள் என்னும் உயரமான தையல் மும்மூன்றாக நான்கு கொத்து. (அமெரிக்கப் பாடங்களில் டிரெபிளையே டபுள் குரோஷே என்பார்கள்.) கொத்துகளுக்கு இடையே செயின் (சங்கிலித் தையல்) போட்டு விடும் இடைவெளிகள்தான் நான்கு மூலைகள். அப்புறம் ஒரே விதிதான்: மூலை இடைவெளியில் இரண்டு கொத்து, பக்கங்களில் உள்ள ஒவ்வோர் இடைவெளியிலும் ஒன்று. கொத்துகள் 4, 8, 12, 16 என்று ஏறும்.

இங்கேதான் கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரு டிரெபிளின் உயரம், அதன் அகலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வட்டமாகப் பின்னினால் ஒவ்வொரு சுற்றிலும் ஆரம் ஒரு டிரெபிள் உயரம் கூடும். சுற்றளவு அந்த உயரத்தைப் போல 6.28 மடங்கு (பை என்ற எண்ணின் இரு மடங்கு) கூடவேண்டும். அகலத்தில் சொன்னால் கிட்டத்தட்ட 12 தையல். வட்டப் பின்னல் பாடங்களில் 12, 24, 36 என்று போவது இதனால்தான்.

சதுரத்தில் இரு புறமும் ஒவ்வோர் உயரம் சேர்வதால், ஒரு பக்கம் சுற்றுக்கு இரண்டு உயரம் நீளும். அதாவது சுமார் நான்கு தையல் அகலம். ஒரு கொத்துக்கு மூன்று டிரெபிள், இடையில் ஒரு செயின், கூட்டினால் நான்கு! நான்கு பக்கத்துக்கும் சேர்த்து 16. இந்தச் சதுரத்தை முதலில் பின்னியவர் பை என்ற எண்ணைப் பற்றி யோசித்திருக்க மாட்டார். பின்னுவதும் பிரிப்பதுமாகக் கை கண்டுபிடித்த கணக்கு இது.

அதே 16-ஐ வட்டத்தில் சுற்றுதோறும் பரவலாகக் கூட்டிப் பாருங்கள், விளிம்பு நெளியத் தொடங்கும். சதுரம் நெளியாததற்குக் காரணம், கூட்டல் முழுவதும் மூலைகளில் நடப்பது. நடுவிலிருந்து பக்கத்தின் மையம் இருக்கும் தூரத்தைப் போல 1.41 மடங்கு தள்ளி மூலை இருக்கிறது. வட்டத்துக்கு மிகுதியாகும் நூலுக்கு அங்கே இடம் கிடைத்துவிடுகிறது. மூலையில் கூட்ட மறந்தால் நூல் போதாமல் துணி கிண்ணம்போலக் குவியும். போர்வைக்கு அது பிழை. பிள்ளைக்குக் குல்லா பின்னுகிறவர் வேண்டுமென்றே செய்வதும் அதையேதான்.

சரி, எதிர்ப்பக்கம் போனால்? ஒவ்வொரு தையலிலும் இரண்டு போட்டு, சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கினால் 6-இல் தொடங்கியது பத்தாவது சுற்றில் 3,072 ஆகிவிடும். அத்தனைக்கும் தட்டையில் இடமில்லை. துணி மடிப்பு மடிப்பாகச் சுருண்டு எழும். கணிதத்தில் இதற்கு அதிபரவளையத் தளம் என்று பெயர். காகிதத்தில் செய்த மாதிரிகள் எளிதில் கிழிந்துவந்த நிலையில், 1997-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டைனா டைமினா அதைக் குரோஷாவில் பின்னிக் காட்டினார். மார்கரெட், கிறிஸ்டீன் வெர்த்தைம் சகோதரிகள் அந்த உத்தியைக் கொண்டு 2005-இல் நூலாலேயே பவளப்பாறை பின்னத் தொடங்கினார்கள்.

நமக்கு அந்த நெளிவைப் பார்க்க நூலே வேண்டியதில்லை. மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை நீளும் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி, இலைபோல மடிந்து வளரும் பவளங்கள் உண்டு. 1986 முதல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா. குறைந்த இடத்தில் அதிகப் பரப்பு கிடைப்பதால், பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளுக்கு வெயில் அதிகம் கிடைக்கிறது. போர்வையில் நாம் பிழை என்று பிரித்துப் போடும் நெளிவு, அங்கே பிழைப்புக்கான வழி.

போர்வைக்கு வருவோம். ஒரே பெரிய சதுரமாகப் பின்னாமல் ஏன் சின்னதாகப் பின்னிச் சேர்க்கிறார்கள்? நான்கு சுற்றுச் சதுரத்தில் மொத்தம் 40 கொத்து, எட்டுச் சுற்றில் 144. சுற்று ஏற ஏற ஒவ்வொன்றும் நீண்டுகொண்டே போகும்; தொடக்கத்தில் செய்த பிழையும் கூடவே பெரிதாகும். சின்னச் சதுரம் கெட்டால் அதோடு போயிற்று. விலையாக நூல் முனைகள் கிடைக்கும். 56 சதுரம், ஒவ்வொன்றிலும் நான்கு நிறம், நிறத்துக்கு இரண்டு முனை என்றால் 448 முனை. அத்தனையையும் செருகி மறைக்கும் வேலையைப் பற்றி யாரும் ஆசையாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஆனால் அந்த முனைகளில் அலட்சியம் கூடாது. பாம்பன் கரையில் பின்னும் மீன்வலையில் ஒவ்வொரு கண்ணிக்கும் முடிச்சு உண்டு. ஓரிடம் அறுந்தாலும் பக்கத்துக் கண்ணி நிற்கும். குரோஷாவில் முடிச்சே இல்லை. ஒரு வளையத்துக்குள் அடுத்ததை இழுத்து, அதற்குள் இன்னொன்று. எந்த நேரத்திலும் பூட்டாமல் இருப்பது ஊசியில் உள்ள ஒற்றை வளையம் மட்டும். கடைசியில் நூலை வெட்டி அதற்குள் இழுத்துவிட்டால் எல்லாம் நிற்கும். அந்த முனை நழுவினால் பின்னியது அத்தனையும் வந்த வழியே பிரியும். பிரிந்து தொங்கும் நூல் குழந்தையின் விரலில் சுற்றி இறுக்கவும் கூடும். முனைகளைத் திசைமாற்றித் திசைமாற்றிச் செருகச் சொல்வது அதற்காகத்தான்.

இந்த வெக்கையில் போர்வை எதற்கு என்று கேட்பவர்கள் அதன் ஓட்டைகளைக் கவனிக்கலாம். போர்வையின் கதகதப்பு அதற்குள் அசையாமல் நிற்கும் காற்றால் வருவது. கடற்காற்றோ மின்விசிறியோ அடித்தால் ஓட்டைகள் வழியே அது ஓடிவிடும். அதனால் கிரானி சதுரப் போர்வை மிதமாகத்தான் சூடு தரும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அது போதும். கடைகளில் உல்லன் என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக். அது வியர்வையை உறிஞ்சாது, இங்கே பருத்தி நூல்தான் சரி. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தை தூங்கும்போது எந்தத் தளர்வான போர்வையும் அருகில் வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. மடியில் வைத்திருக்கும்போதும் பயணத்திலும் போர்த்தலாம்.

துவைத்துக் காயவைத்தும் ஈரமாகவே இருக்கிறதே என்று கடலோர வீடுகளில் ஒரு புலம்பல் உண்டு. காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசிய உப்புகள் அதற்கும் முன்னாலேயே இழுக்கும். உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீரில் துவைத்தாலும் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பிழிந்து முறுக்காமல், தரையில் துண்டு விரித்துப் படுக்கவைத்துக் காற்றாடக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பருத்தியின் கனமே சதுரங்களை நீளவாட்டில் இழுத்துவிடும்.